‘நீயே போட்டுக்கோப்பா’ என்றால் அது ஒப்புதலா?

கேள்வி: வணக்கம் மேடம். தாம்பரம் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் சமூகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 42 பேருக்கு ப்ராஜெக்ட் வழிகாட்டி நான்தான். பெரும்பாலோர் பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் வீட்டுவேலை செய்யும் பெண்களைப் பேட்டி எடுக்கிறார்கள். சிலர் கல்லூரி மாணவர்களின் மன அழுத்தம் பற்றி கூகுள் ஃபார்ம் அனுப்பப் போகிறார்கள். ஒரு குழு அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செல்போன் பழக்கம் பற்றிக் கேட்கத் திட்டமிட்டிருக்கிறது. ஆய்வுகளை நெறிமுறைப்படி பரிசீலித்து அனுமதிக்கும் எதிக்ஸ் கமிட்டி எங்கள் கல்லூரியில் கிடையாது. “யூஜி ப்ராஜெக்ட்டுக்குப் போய் இதெல்லாம் எதுக்கு?” என்கிறார் துறைத்தலைவர். முதல் தவணையாக வந்த ஒப்புதல் படிவங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு மாணவன் கொடுத்த 30 படிவங்களில் 11 கையெழுத்து ஒரே கையால் போட்டது. இவர்களை எப்படித் தயார் செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

பதில்: வணக்கம். அந்த 11 படிவங்களிலிருந்தே தொடங்குகிறேன்.

பையனைக் கூப்பிட்டுத் திட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு படிவமாக எடுத்து வைத்து, “இந்த வீட்டுல என்ன நடந்துச்சு, சொல்லு” என்று கேளுங்கள். முப்பது வருடம் சமூகப்பணி வகுப்பெடுத்தவள் என்பதால் பதிலை என்னால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஒரு வீட்டில் “இப்ப வேலை இருக்கு தம்பி, அப்புறம் வா” என்றிருப்பார்கள். அடுத்த வீட்டில் “அவரு வரட்டும், கேட்டுட்டுச் சொல்றேன்.” மூன்றாவது வீட்டில் எல்லாக் கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, பேனாவை நீட்டியதும், “கையெழுத்தெல்லாம் வேணாம், நீயே போட்டுக்கோப்பா.” நான்காவது வீட்டுக்கு அவன் போயிருக்கவே மாட்டான். வெயில் வேறு. துறை 30 சாம்பிள் கேட்டது, 30 கொடுத்துவிட்டான்.

முதல் இரண்டும் ‘வேண்டாம்’ என்பதற்கு நம்மூரில் சொல்லும் வார்த்தைகள். வாசலில் வந்து நிற்பவரிடம் முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்பவர்கள் இங்கே குறைவு. அதுவும் கழுத்தில் ஐடி கார்டோடு வியர்த்து நிற்கிற காலேஜ் பிள்ளையிடம் சொல்லவே மாட்டார்கள். ‘படிக்கிற புள்ள, பாவம்’ என்று ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொல்வார்கள். அந்தப் பரிவைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது நம் பிள்ளைகளுக்கு மிகச் சுலபம். மூன்றாவது வீடு கொஞ்சம் சிக்கலானது, அதற்குப் பிறகு வருகிறேன். எப்படிப் பார்த்தாலும், நீங்கள் முதலில் சொல்லித்தர வேண்டியது ‘வேண்டாம்’ என்பதைக் காதில் வாங்கும் பழக்கத்தைத்தான். படிவமும் கமிட்டியும் அதற்குப் பிறகு வரட்டும்.

ஆய்வு நெறி என்றதும் பவர்பாயிண்டில் நியூரம்பெர்க் 1947, ஹெல்சிங்கி 1964 என்று உலக மருத்துவ ஆய்வு நெறி ஆவணங்களை ஓட்டுவது நம் வழக்கம். நானும் ஓட்டியிருக்கிறேன். அமெரிக்காவில் டஸ்கிகீ என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை நூற்றுக்கணக்கான கறுப்பின ஆண்களுக்கு சிஃபிலிஸ் நோய்க்கு மருந்து கொடுக்காமலேயே வேடிக்கை பார்த்த கதையைச் சொன்னால் வகுப்பு ‘உச்’ கொட்டும். ஆனால் அது எங்கோ, யாரோ செய்த கொடுமை. இருபது வயதுப் பிள்ளை தன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்க்காது. அதனால் சில வருடங்களாக நான் நம் ஊர்க் கதையையே சொல்கிறேன்.

1986. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் நுண்ணுயிரியல் முதுகலை மாணவி நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஆய்வேடு செய்கிறார். இந்தியாவில் எய்ட்ஸ் இருக்கிறதா என்பது கேள்வி. நகரத்தில் இருந்த அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுக்கிறார். மாதிரிகள் வேலூர் சிஎம்சிக்குப் போகின்றன, ஆறு மாதிரிகளில் எச்ஐவி இருப்பது தெரிகிறது. நாட்டில் எச்ஐவி இருப்பதற்கு அதுதான் முதல் ஆதாரம். எத்தனையோ உயிர்களைக் காத்த ஆய்வு. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. பால்வினை நோய்ச் சோதனை என்றே நினைத்திருந்தார்கள். இதை நிர்மலாவே பல வருடம் கழித்து ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். பின்னாட்களில் எச்ஐவி இருக்கிறது என்பதாலேயே பெண்களைக் காப்பகத்தில் அடைத்து வைத்த விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது.

யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. அன்று நடைமுறை அப்படித்தான் இருந்தது. இந்தக் கதையில் வில்லன் கிடையாது. நல்ல மாணவி, நல்ல வழிகாட்டி, நாட்டுக்குத் தேவையான கேள்வி, அவ்வளவுதான். வகுப்பில் நான் கேட்பது ஒன்றே ஒன்று: பூட்டிய கட்டடத்துக்குள் இருக்கும் ஒரு பெண்ணிடம் ஊசியோடு போய் நின்றால், ‘வேண்டாம்’ என்று சொல்ல அவளுக்கு வழி இருக்கிறதா? அதற்கடுத்து, உங்கள் சொந்த ஜூனியரிடம் கூகுள் ஃபார்ம் லிங்க்கை அனுப்பி “நைட்டுக்குள்ள ஃபில் பண்ணுடா” என்றால் அவனுக்கு வழி இருக்கிறதா? பேச்சு அங்கேதான் சூடு பிடிக்கும். மனிதர்களுக்கு மதிப்பு, நன்மை செய்தல், நியாயம் என்று, ஆய்வு நெறி பற்றி அமெரிக்காவில் 1979-இல் வந்த பெல்மாண்ட் அறிக்கையின் மூன்று கொள்கைகளை அதற்கப்புறம் போர்டில் எழுதினால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

இனி பயிற்சி. களத்துக்கு அனுப்பும் முன் இரண்டு வகுப்புகளை ஒதுக்குங்கள்.

முதல் வகுப்பில் அவர்களே பதிலளிப்பவர்கள். தங்கள் கேள்வித்தாளை வேறு துறை மாணவர் ஒருவர் கையில் கொடுத்து, அவர் வாய்விட்டுக் கேட்க, இவர்கள் பதில் சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒரு பையன் வீட்டுவேலை செய்யும் பெண்களுக்கான தாளில் பதினான்காவது கேள்வியாக ‘உங்கள் கணவர் உங்களை அடிப்பதுண்டா? ஆம் / இல்லை’ என்று எழுதியிருந்தான். வணிகவியல் மாணவி ஒருத்தி அதை அவனுக்கேற்ப மாற்றி, “உங்க அப்பா உங்க அம்மாவை அடிப்பாரா? ஆமாவா, இல்லையா?” என்று கேட்டாள். அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. மேஜையில் நகத்தால் கோடு போட்டுக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, “அடுத்த கேள்விக்குப் போங்க” என்றான். அன்று சாயங்காலம் அந்தக் கேள்வியைத் தாளிலிருந்து அவனே அடித்துவிட்டான். அடிக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பதும் இல்லை. கேட்டால் அதன் பின் என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் கேட்க வேண்டும். ‘ஆம்’ என்று ஒரு பெண் அழத் தொடங்கினால், 181 மகளிர் உதவி எண்ணைச் சொல்லக்கூட அந்தப் பையனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரண்டாவது வகுப்பு நடிப்பு. ஒருவர் வீட்டுக்காரர், ஒருவர் ஆய்வாளர். வீட்டுக்காரர் ‘வேண்டாம்’ என்ற சொல்லைப் பயன்படுத்தாமல் மறுக்க வேண்டும். “எனக்கு என்னம்மா தெரியும், பக்கத்து வீட்ல கேளு.” “ரொம்ப நேரம் ஆகுமா?” கதவைப் பாதி மூடிக்கொண்டு பேசுவது. பதில் வர வர ஒற்றைச் சொல்லாகச் சுருங்குவது. அடுப்பைப் பார்த்து இரண்டு தடவை எழுந்து போவது. எந்தக் கணத்தில் ஆய்வாளர் நோட்டை மூடி, “பரவாயில்லைக்கா, இன்னொரு நாள்கூட வேண்டாம், தண்ணி குடுத்ததுக்கு நன்றி” என்று எழ வேண்டும் என்பதை வகுப்பு கைதட்டிச் சொல்லட்டும். முதல் நாள் எல்லோரும் தாமதமாகத்தான் தட்டுவார்கள்.

படிவத்துக்கு வருவோம். உங்கள் துறைப் படிவத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் பெரும்பாலான படிவங்கள் எப்படி இருக்கும் என்று தெரியும்: ‘மேற்கண்ட ஆய்வில் எவ்விதக் கட்டாயமுமின்றித் தன்னார்வத்துடன் பங்கேற்கச் சம்மதிக்கிறேன்.’ பெரும்பாக்கத்தில் ஒரு பிளாக்கின் மாடிப்படியில், லிஃப்ட் ஓடாத நாளில், ஒரு மாணவி இதை வாசித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். இடுப்பில் குடத்தோடு இரண்டு படி மேலே நின்ற அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “என்னம்மா, கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி படிக்கிற?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வீடு எதுனா மாத்திக் குடுக்கறாங்களா?” என்றார்.

இந்த இரண்டாவது கேள்வியை உங்கள் மாணவர்கள் கட்டாயம் எதிர்கொள்வார்கள். நகரத்தின் நடுவிலிருந்து வீட்டைக் காலி செய்து அங்கே அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். தாளும் பேனாவுமாக யார் வந்தாலும் அது ‘சர்வே’. சர்வே என்றால் வீடு, ரேஷன், பட்டா, அல்லது இருப்பதும் பறிபோவது. அந்த எதிர்பார்ப்பிலும் பயத்திலும் வாங்கிய சம்மதம் சம்மதமாகாது. ஆகவே முதல் வாக்கியமே அதை உடைக்க வேண்டும். நாங்கள் கடைசியில் எழுதிய படிவம் இப்படி இருந்தது:

‘அக்கா, நான் காலேஜ்ல படிக்கிறேன். கவர்மெண்ட்ல இருந்து வரலை. இதுனால உங்களுக்கு வீடோ பணமோ வேற உதவியோ எதுவும் கிடைக்காது. பதில் சொல்லலைன்னாலும் எந்த நஷ்டமும் இல்ல. வீட்டுவேலை பத்தி அரை மணி நேரம் பேசணும். உங்க பேரை எழுத மாட்டேன். வேலை பாக்கிற வீட்டுக்காரங்ககிட்ட எதுவும் சொல்ல மாட்டேன். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேணாம். நடுவுல போதும்னு தோணுச்சுன்னா போதும்னு சொல்லிடுங்க. பேசலாமா?’

பேசலாமா என்று கேட்ட பிறகு, வாயை மூடிக்கொண்டு பத்து எண்ண வேண்டும். இதுதான் மாணவர்களுக்கு மிகக் கடினம்.

இப்போது மூன்றாவது வீடு. பேசச் சம்மதம், கையெழுத்துக்கு மறுப்பு. கந்துவட்டிக்காரரிடம் வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்துச் சீரழிந்தவர்கள் இருக்கிற இடத்தில் அந்தத் தயக்கம் அறிவுள்ள தயக்கம். இதற்கு நெறிமுறையிலேயே வழி இருக்கிறது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டி நெறிமுறைகள், கமிட்டி ஆராய்ந்து அனுமதித்தால் வாய்மொழி ஒப்புதல் போதும் என்கின்றன. படிவத்தை வாசித்துக் காட்டியது, அவர் சரி என்றது, தேதி, நேரம் ஆகியவற்றை எழுதி, மாணவர் தன் பெயரில் தன் கையெழுத்தைப் போடலாம். ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவர் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். ‘நீயே போட்டுக்கோ’ என்றவருடைய பெயரில் போட்டால் அது போலிக் கையெழுத்து. உங்கள் மாணவன் செய்தது இதுதான். இப்படி ஒரு வழி இருப்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை என்பதும் உண்மை.

கேள்வித்தாளின் தலைப்பகுதியைக் கொஞ்சம் பாருங்கள். பெயர், வயது, மதம், சாதி, வருமானம், செல்போன் எண் என்றுதான் தொடங்கும். எங்கிருந்தோ நகலெடுத்துத் தலைமுறை தலைமுறையாக வருகிறது. பெயரையும் செல் நம்பரையும் எடுத்துவிடுங்கள். சாதியும் வருமானமும் ஆய்வுக் கேள்விக்குத் தேவையா என்று மாணவர் உங்களிடம் நிரூபிக்கட்டும். தேவையென்றால் கடைசியில் கேட்கட்டும். மாணவிகளும் தங்கள் சொந்த எண்ணைப் படிவத்தில் அச்சிடக் கூடாது. ராத்திரி பதினொரு மணிக்கு வரும் அழைப்புகளை நான் பார்த்திருக்கிறேன். துறை எண் போதும். இரண்டிரண்டு பேராகப் போகட்டும், இருட்டுவதற்குள் திரும்பட்டும்.

பெயரை மாற்றிவிட்டால் ஆள் தெரியாது என்று நினைப்பது பெரிய மயக்கம். நானே அதில் விழுந்தேன். மாணவியாக இருந்தபோது என் ஆய்வேட்டில் ஒரு பெண்ணை ‘லட்சுமி’ ஆக்கினேன். ஆனால் கோயில் தெரு முனையில் இளநீர் விற்பவர், கணவர் விட்டுப் போனவர், மகளை கான்வென்ட்டில் படிக்கவைப்பவர் என்று எழுதிவைத்தேன். அந்தத் தெரு முனையில் இளநீர் விற்கும் பெண் ஒருவர்தான். கணவரைப் பற்றி அவர் என்னிடம் சொன்னதெல்லாம், ஆய்வேட்டை எடுத்துப் படித்த ஒருவர் மூலம் அவர் கொழுந்தனார் வரை போய்ச் சேர்ந்தது. அடுத்த முறை நான் போனபோது அந்த அக்கா சண்டை போடவில்லை. இளநீரைச் சீவிக் கொடுத்துவிட்டு, காசைச் சரியாக எண்ணி வாங்கிக்கொண்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு முன்பெல்லாம் என்னிடம் காசு வாங்கியதே இல்லை.

அப்புறம் போட்டோ. கல்லூரித் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழுவின் வருகைக்காக, எடுத்த இடம் பதிவான ‘ஜியோடேக்’ படம் கேட்பார்கள், தெரியும். குடியிருப்பு வாசலில் மாணவர்கள் மட்டும் நிற்கும் படம் அதற்குப் போதும். பேட்டி கொடுத்தவரின் முகமும் கீழே அட்சரேகை தீர்க்கரேகையுமாக ஒரு படத்தை ரிப்போர்ட்டின் பின்னிணைப்பில் வைத்துவிட்டு, முன்பக்கத்தில் ‘ரகசியம் காக்கப்படும்’ என்று எழுதுவதில் அர்த்தமில்லை. இன்ஸ்டாகிராம் ஸ்டோரிக்கும் இதுவே.

கூகுள் ஃபார்ம் குழுவுக்கு வருகிறேன். ‘அடையாளம் கேட்கவில்லை’ என்று எழுதிவிட்டு ஈமெயில் சேகரிக்கும் பொத்தானை அணைக்க மறந்துவிடுவார்கள். அனுப்பும் முன் நீங்களே ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். எல்லாக் கேள்விக்கும் சிவப்பு நட்சத்திரம் போட்டுக் கட்டாயமாக்கக் கூடாது. முக்கியமானது வேறு. மன அழுத்தம் என்றதும் இணையத்தில் கிடைக்கும், மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 அளவுகோலை எடுத்து ஒட்டுவார்கள். அதன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ எண்ணம் வருகிறதா என்பது. ராத்திரி ஒரு மணிக்கு யாரோ ஒரு பிள்ளை ‘தினமும்’ என்று டிக் செய்தால், பெயரில்லாத அந்த ஃபார்மை வைத்துக்கொண்டு உங்கள் மாணவர் என்ன செய்வார்? பதில் இல்லையென்றால் அந்த அளவுகோலை யூஜி ப்ராஜெக்ட்டில் அனுமதிக்காதீர்கள். தூக்கம், பஸ் பயணம், தேர்வு பயம் என்று கேட்டாலே நல்ல ஆய்வு கிடைக்கும். எது கேட்டாலும், ஃபார்மின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் டெலி மனஸ் மனநல உதவி எண் 14416 இருக்கட்டும். உங்கள் சொந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த லிங்க்கை நீங்கள் அனுப்பாதீர்கள். இன்டர்னல் மார்க் போடுகிறவர் அனுப்பினால் அது உத்தரவு.

பள்ளிக் குழுவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கவலைதான். தலைமை ஆசிரியர் சரி என்பது பள்ளிக்குள் நுழைய அனுமதி, அவ்வளவே. அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலகத்திலும் எழுதி வாங்க வேண்டும். அதற்கு மேல் பெற்றோரின் ஒப்புதல் தனி, பிள்ளையின் இசைவு தனி. ஒன்பதாம் வகுப்பு வயதில் இசைவை எழுத்தில் வாங்கச் சொல்கிறது ஐசிஎம்ஆர். சுமார் 2009-10-இல் ஆந்திராவில் பள்ளிச் சிறுமிகளுக்கு ஹெச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எதிரான) தடுப்பூசி போட்ட ஆய்வில், பல படிவங்களில் பெற்றோர் இடத்தில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்திட்டிருந்தது பின்னர் நாடாளுமன்றக் குழுவின் கண்டனம் வரை போனது. இன்னொன்றும் மாணவர்களுக்குத் தெரியாது: பதினெட்டு வயதுக்குட்பட்டவரிடம் ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. செல்போன் பற்றிப் பேசப் போய் ஒரு பிள்ளை பாலியல் தொந்தரவைச் சொன்னால், போக்சோ சட்டப்படி தெரிந்தவர் எவரும் அதைப் புகார் செய்தாக வேண்டும், மாணவர் உட்பட. உடனே உங்களிடம் வரச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் கையில் கொடுத்தனுப்புங்கள். என்னைக் கேட்டால், இந்த வருடம் அந்தக் குழுவைப் பெற்றோரிடம் பேசும்படி திருப்பிவிடுவேன். மூன்று மாதத்தில் இத்தனை அனுமதி வாங்க முடியாது.

கமிட்டி இல்லை என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். பக்கத்தில் கமிட்டி உள்ள நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ள வழி உண்டு. அதற்கு நேரமில்லையென்றால் துறை அளவில் ஐந்து பேர் உட்காருங்கள். ஒரு வக்கீல், வேறு துறை ஆசிரியர் ஒருவர், கல்லூரிக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். நான் உறுப்பினராக இருந்த குழுவில் மிகக் கூர்மையான கேள்விகளைக் கேட்டவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர். “இந்தப் பேப்பரை அந்தம்மா எங்க வெச்சுக்கும்? வீட்டுக்காரன் பாத்தா?” என்று அவர் கேட்டபோது டாக்டர் பட்டம் பெற்ற நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இந்த ஏற்பாடு முறையான கமிட்டிக்கு ஈடாகாது. ரத்தம், மருந்து, நோய் பற்றிய ஆய்வுக்கு இது செல்லாது. அதையும் ரிப்போர்ட்டில் மறைக்காமல் எழுதுங்கள்.

துறைத்தலைவரிடம் கொள்கை பேசினால் எடுபடாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “சார், நல்ல ப்ராஜெக்ட்டை ஜர்னலுக்கு அனுப்பினா எதிக்ஸ் அனுமதி எண் கேப்பாங்க. டேட்டா எடுத்த பிறகு அதை வாங்க முடியாது.” பிரசுரம் என்ற சொல்லுக்கு நம் கல்லூரிகளில் தனி மரியாதை உண்டு.

அவரிடம் கேட்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. 42 மாணவர், ஆளுக்கு 30 சாம்பிள் என்றால் 1,260 பேர். அதில் பெரும்பங்கு ஒரே குடியிருப்பில், ஒரே பருவத்தில். அத்தனை கதவையும் தட்ட எந்த நியாயமும் இல்லை. ஆறு பேர் சேர்ந்து ஒரு ஆய்வு என்றால் ஏழு ஆய்வுகள். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பன்னிரண்டு நல்ல உரையாடல்கள் போதும். மார்க்கைச் சாம்பிள் எண்ணிக்கைக்குக் கொடுக்காமல் களக்குறிப்புக்குக் கொடுங்கள். எத்தனை வீட்டில் மறுத்தார்கள், எந்த வார்த்தையில் மறுத்தார்கள், தான் என்ன செய்தேன் என்று எழுதுபவருக்கு அந்தப் பகுதிக்கு ஐந்து மார்க்.

அந்தப் பையன் விஷயம். 11 படிவங்களையும் அவற்றோடு இணைந்த பதில்களையும் ஆய்விலிருந்து எடுத்துவிடுங்கள். கிழித்துப் போடாமல் உறையிலிட்டுக் குறிப்போடு உங்கள் அலமாரியில் வையுங்கள். மீதி 19 பேரில், ஐடி கார்டோடு நீங்களும் கூடப் போய், அவன் உண்மையிலேயே வந்து பேசினானா என்று நான்கைந்து பேரிடமாவது கேளுங்கள். பேசியிருந்தால் ‘30 பேரை அணுகத் திட்டம், 19 பேரிடம் பேச முடிந்தது’ என்று அவனே ரிப்போர்ட்டில் எழுதட்டும், ஏன் என்பதையும் ஒரு பத்தி எழுதட்டும். கையெழுத்துக்கு மறுத்துப் பேச மட்டும் சம்மதித்த வீடுகளுக்கு அவன் திரும்பப் போக வேண்டும். முன்பு எடுத்த பதிலைப் பயன்படுத்தலாமா என்று புதிய படிவத்தை வாசித்துக் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். தண்ணீர் லாரி வரும் நேரத்தை மட்டும் முதலிலேயே விசாரித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.